வழுவிலா அஞ்சல்

மக்கள் தம் கருத்தைத் தொலைவில் உள்ளார்க்கு அறிவிக்கக் கையாண்ட வழிகள் பல. முற்காலத்தில் தூதர் கையிற் கொடுத்தனுப்பிய ஓலைகள் அரசர்க்கும் செல்வர்க்குமே பயன்பட்டன. 1854ஆம் ஆண்டில், தொலைவு எத்துணையாயினும் கட்டணம் ஒன்றே என்னும் முறை இந்திய அஞ்சல் துறையில் வந்தது. அதன்பின்னரே எளிய மக்களும் கடிதம் எழுதலாயினர். வண்டி செல்லாத காட்டுப் பாதைகளில், சலங்கை கட்டிய ஈட்டியை ஏந்தி, அஞ்சற்பையைச் சுமந்து ஓடிய ஓட்டக்காரர்களின் தொண்டு பெரிது. அவர்கள் போற்றிய நெறி மூன்று. பையிலுள்ள கடிதங்களில் ஒன்றும் குறையலாகாது, ஒன்றும் மாறலாகாது, உரியவரிடம் சேர்ந்தே தீரவேண்டும். இன்று கடிதத்தைச் சுமப்பது கணினி. ஆயினும் நெறி மாறவில்லை. அந்நெறியைக் காக்கக் கணினி அறிஞர் எடுக்கும் முயற்சியை இப்பாடத்திற் காண்போம்.

மலையும் மின்னஞ்சலும்

விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து, 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் முதல் தனி மாவட்டமாக விளங்குவது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுந்து நிற்பது கல்வராயன் மலை. கோமுகி ஆறு அம்மலையிற் பிறந்து, கச்சிராயபாளையத்திற்கு அருகில் அணையில் தேங்கி, கீழுள்ள வயல்களை வளப்படுத்துகின்றது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மலைமீது ஆங்காங்கே பரவியுள்ளன. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.

இத்தகைய மலைநாட்டிற் குன்றுகளும் பள்ளங்களும் கைப்பேசி அலைகளை மறைக்கும். சாலையின் ஒரு வளைவிற் கிடைக்கும் இணையத் தொடர்பு மறு வளைவில் அறுந்துபோகும். ஆனால் இன்று கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, வேலைக்கான நேர்காணல் ஆகியவை பற்றிய அறிவிப்புகள் பெரும்பாலும் மின்னஞ்சல் வாயிலாகவே வருகின்றன. அவற்றுட் பல இறுதி நாள் குறிக்கப்பெற்றவை. அலை எட்டாத ஊரில் வாழும் ஒருவர் அவற்றை எவ்வாறு படிப்பது? தொடர்பு கிடைக்கும் சிறு பொழுதில் எல்லாக் கடிதங்களையும் தம் கணினியில் இறக்கிக்கொண்டு, தொடர்பில்லாத பொழுதில் அமைதியாகப் படித்து, விடையும் எழுதி வைத்து, மீண்டும் தொடர்பு கிடைக்கும்போது அனுப்புவதே வழி. இவ்வழியைத் திறந்து வைப்பதுதான் 'அஞ்சற்பெட்டி ஒத்திசைவு' என்னும் மென்பொருள்.

இரண்டு பெட்டிகள்

ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொரு கணினிக்கு 1971ஆம் ஆண்டில் முதன்முதலாக மடல் அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கியது. மின்னஞ்சல், அனுப்பியவரின் கணினியிலிருந்து நேரே நம் கணினிக்கு வருவதில்லை. இடையில், எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினி அதனைப் பெற்று வைத்திருந்து, நாம் கேட்கும்போது வழங்குகின்றது. அதனால் அதற்கு 'வழங்கி' என்பது பெயராயிற்று.

வழங்கியிலிருந்து கடிதங்களைப் பெற இரு நெறிமுறைகள் வழக்கில் உள்ளன. 1984ஆம் ஆண்டில் தோன்றிய 'பாப்' என்பது, அஞ்சல் நிலையத்திற்குச் சென்று கடிதங்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதைப் போன்றது. ஒரே கணினி உடையார்க்கு அது போதும். வீட்டில் ஒரு கணினி, கையில் ஒரு கைப்பேசி, பள்ளியில் மற்றொரு கணினி என்று வைத்திருப்பார்க்கு அது போதாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மார்க் கிரிஸ்பின் 1986ஆம் ஆண்டில் 'ஐமாப்' என்னும் மற்றொரு நெறிமுறையை வகுத்தார். இதன்படி கடிதங்களின் மூலம் வழங்கியிலேயே இருக்கும். நம் கணினிகளில் இருப்பவை அதன் படிகள். மூலத்தையும் படிகளையும் என்றும் ஒரே நிலையில் வைத்திருப்பதே ஒத்திசைவு.

கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றும். ஆயின் உண்மையில் அரியது. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மூன்றாம் ஏடு

மலைமீதுள்ள ஒரு பள்ளியில் மாணவர் பதிவேடு ஒன்றும், கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் அதன் படி ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். திங்கள்தோறும் இரண்டையும் ஒத்துப் பார்க்கவேண்டும். பள்ளி ஏட்டில் ஒரு மாணவியின் பெயர் உள்ளது; அலுவலக ஏட்டில் அஃது இல்லை. அவள் இத்திங்கள் பள்ளியிற் புதிதாகச் சேர்ந்தவளா? அன்றி, மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றதனால் அலுவலகத்தில் அடிக்கப்பெற்றவளா? முன்னது உண்மையாயின் அலுவலக ஏட்டிற் பெயரைச் சேர்க்கவேண்டும். பின்னது உண்மையாயின் பள்ளி ஏட்டிற் பெயரை நீக்கவேண்டும். இரண்டு ஏடுகளை மட்டும் எத்துணை நேரம் உற்று நோக்கினும் இதற்கு விடை கிடைக்காது.

விடை தருவது மூன்றாம் ஏடு. சென்ற திங்கள் இரு ஏடுகளும் ஒத்திருந்தபோது எடுத்து வைத்த பட்டியல் அது. அப்பட்டியலில் அவள் பெயர் இருந்தால், ஓரிடத்தில் நீக்கப்பட்டாள் என்பது தெளிவு. இல்லையேல் புதிதாகச் சேர்ந்தாள் என்பது தெளிவு. ஒத்திசைவு மென்பொருளும் இவ்வாறே வழங்கிப் பெட்டி, கணினிப் பெட்டி, சென்ற முறை ஒத்திருந்த நிலையைக் குறித்த ஏடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே ஒவ்வொரு கடிதத்தைப் பற்றியும் முடிவு செய்கின்றது. ஜான் கோயர்சன் 2002ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய 'ஆஃப்லைன்ஐமாப்', மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கி ஆஸ்வால்டு புடன்ஹாகன் வளர்த்த 'எம்பிசிங்க்' முதலிய மென்பொருள்கள் இம்முறையில் இயங்குவன.

வழு என்பது யாது?

நிரலில் உள்ள தவற்றை ஆங்கிலத்திற் பூச்சி என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். 1947ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறியில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டு, அதனைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அச்சொல் அதற்கு முன்னரும் பொறியாளரிடையே வழங்கியதே. தமிழில் இதனை 'வழு' என்பர். வழாநிலை, வழு, வழுவமைதி என இலக்கணத்தில் நீங்கள் கற்ற அதே சொல்தான் இது. சொற்றொடரில் வழு நேர்ந்தால் படிப்பவர் கருத்தை ஊகித்துக்கொள்வர். கணினிக்கு ஊகிக்கும் திறன் இல்லை. எழுதியது எதுவோ, அதனையே அது செய்து முடிக்கும்.

ஒத்திசைவு மென்பொருளில் நேரும் வழுக்கள் ஏனையவற்றினும் கொடியவை. கணக்கிடும் நிரல் பிழைபட்டால் விடை தவறாகும், மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒத்திசைவு நிரல் பிழைபட்டால் கடிதமே அழியும். ஓரிடத்தில் அழிந்தது எல்லா இடங்களிலும் அழியும். வரவேண்டிய கடிதம் அழிந்துவிட்டது என்பதனையும் உரியவர் அறியமாட்டார். அத்தகைய வழுக்களுட் சிலவற்றைக் காண்போம்.

எண்ணால் வரும் வழு

பெட்டியிலுள்ள கடிதங்களுக்கு வழங்கி இருவகை எண்களைத் தருகின்றது. ஒன்று வரிசை எண். மற்றொன்று அடையாள எண். வகுப்பில் உங்களுக்குள்ள வரிசை எண் ஆண்டுதோறும் மாறும். பள்ளியில் தரப்பெற்ற சேர்க்கை எண் மாறாது. அவை போன்றவையே இவை. பத்துக் கடிதங்கள் உள்ள பெட்டியில் 4ஆம் கடிதத்தையும் 7ஆம் கடிதத்தையும் நீக்க நினைத்த நிரல் ஒன்று, வரிசை எண்ணைக் கொண்டு வேலை செய்வதாகக் கொள்வோம். 4ஆம் கடிதம் நீங்கியவுடன் பின்னுள்ளவை அனைத்தும் ஓரிடம் முன்னே நகரும். முன்பு 8ஆவதாக இருந்த கடிதம் இப்போது 7ஆவதாக நிற்கும். நிரல் அதனை நீக்கிவிடும். வேண்டாத கடிதம் நிற்க, வேண்டிய கடிதம் போயிற்று! அடையாள எண்ணைக் கையாண்டிருந்தால் இத்தவறு நேராது.

அடையாள எண்ணும் ஒரோவழி மாறுவதுண்டு. வழங்கி பழுதுற்றுப் பெட்டி புதிதாக அமைக்கப்படும்போது, பழைய எண்கள் வேறு கடிதங்களுக்குச் சென்றுவிடலாம். பள்ளி புதிய பதிவேடு தொடங்கி மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவது போன்ற நிலை அது. ஆதலின் பெட்டிக்கே மற்றோர் எண் உண்டு. அதனைச் செல்லுபடி எண் எனலாம். அது மாறியிருந்தால், 'பழைய அடையாள எண்களை நம்பாதே. எல்லாவற்றையும் புதிதாக ஒப்பிடு' என்பது பொருள். இவ்வெண்ணைச் சோதிக்க மறந்த நிரல், ஒருவர் கடிதத்தை மற்றொருவர் கடிதமென மயங்கும்.

இடையில் அறுந்த தொடர்பு

மலைநாட்டார்க்கு மிகவும் நேரக்கூடியது அடுத்த வழு. கணினியில் எழுதிய கடிதம் ஒன்றை நிரல் வழங்கிக்கு அனுப்புகின்றது. வழங்கி அதனைப் பெட்டியிற் சேர்த்து, 'சேர்த்தேன்' என்று விடையளிக்கின்றது. அவ்விடை வந்து சேருமுன் தொடர்பு அறுந்துவிடுகின்றது. இப்போது நிரலின் நிலை யாது? கடிதம் சேர்ந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. சேரவில்லை எனக் கருதி மீண்டும் அனுப்பினால் ஒரே கடிதம் இருமுறை சேரும். சேர்ந்தது எனக் கருதி விட்டுவிட்டால் கடிதம் சேராமலே போகவும் கூடும்.

நல்ல நிரல் இவ்விரண்டையும் செய்யாது. அனுப்புமுன்னரே, வேறெங்கும் வராத ஒரு குறியைக் கடிதத்தின் தலைப்பகுதியில் எழுதிவிடும். 'இக்குறியுள்ள கடிதத்தை அனுப்பப் போகின்றேன்' என்று தன் நாட்குறிப்பிலும் பதிந்துகொள்ளும். தொடர்பு மீண்டதும், 'இக்குறியுள்ள கடிதம் உன்னிடம் உண்டா?' என வழங்கியைக் கேட்கும். உண்டெனில் மேற்செல்லும், இல்லையெனில் மட்டுமே மீண்டும் அனுப்பும்.

கணினிக்குள்ளும் இவ்வகை ஏற்பாடு உண்டு. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்பார் வகுத்த 'மெயில்டிர்' முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று அறைகள் உள. வருகின்ற கடிதம் முதலில் தற்காலிக அறையில் எழுதப்படும். கடைசி எழுத்து வரை எழுதி முடித்த பின்னரே அது புதியன என்னும் அறைக்கு மாற்றப்படும். எழுதும்போதே மின்சாரம் நின்றாலும், பாதி எழுதிய கடிதம் முழுக் கடிதம் போலத் தோன்றி ஏமாற்றாது. படிக்கும் நிரல் எடுத்துக்கொண்ட கடிதங்கள் மூன்றாம் அறைக்குச் செல்லும்.

வெறும் பெட்டி

கணினியிலுள்ள பெட்டி ஒரு நாள் வெறுமையாகக் காணப்படுகின்றது. உரியவர் எல்லாக் கடிதங்களையும் நீக்கினாரா? அன்றி, கடிதங்கள் இருந்த வட்டு பழுதுற்றதா? மூன்றாம் ஏட்டை மட்டும் நம்பும் நிரல், 'அனைத்தும் இங்கே நீக்கப்பட்டன' என முடிவு செய்து, வழங்கியிலுள்ள மூலங்களையும் நீக்கிவிடும். பல்லாண்டுக் கடிதங்கள் ஒரு நொடியில் மறையும். நிரல் தனக்கிட்ட விதியைப் பிழையின்றியே பின்பற்றியது. ஆயினும் விளைவு கேடாயிற்று. ஆகவே, அளவுக்கு மீறி நீக்க நேரும்போது நிரல் தானே நின்று, உரியவரைக் கேட்கவேண்டும் என்பது ஒரு பாதுகாப்பு விதி. இதனால் மற்றோர் உண்மையும் புலனாகின்றது. ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. ஒத்திசைக்கப்பட்ட படி, மூலத்தோடு சேர்ந்தே வாழும், சேர்ந்தே அழியும். ஆதலின் இன்றியமையாத கடிதங்களுக்குத் தனியே ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயரும் ஒரு சிக்கலும்

தமிழர்க்கு உரிய வழு ஒன்றும் உண்டு. கோமுகி அணைப் பாசனம் பற்றிய கடிதங்களை ஒருவர் 'கோமுகி' என்னும் பெட்டியில் வைக்கின்றார் எனக் கொள்வோம். ஒருங்குறி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. 'கோ' என்பதனை எழுத இரு வழிகள் உள. ககரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே எண்ணாக இடலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் இரண்டு எண்களாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முன்னது 6 எண்கள் கொண்ட சொல். பின்னது 7 எண்கள் கொண்ட சொல். ஓர் எண்ணுக்கு 3 பைட்டுகள் கொள்ளும் 'யுடிஎஃப் 8' முறையில் முன்னது 18 பைட்டுகளும் பின்னது 21 பைட்டுகளும் ஆகும்.

ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய ஒரு கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே எழுதிவைத்தது. வழங்கியிற் சேர்த்து எழுதிய பெயர் கணினியிற் பிரித்து எழுதப்பட்டால், 'கோமுகி என்னும் பழைய பெட்டி நீக்கப்பட்டது. கோமுகி என்னும் புதிய பெட்டி தோன்றியது' எனக் கவனமற்ற நிரல் கருதும். ஒரே பெயரில் இரு பெட்டிகள் தோன்றும். ஒப்பிடுமுன் இரு பெயர்களையும் ஒரே வடிவத்திற்கு மாற்றிக்கொள்வதே இதற்கு மருந்து. ஐமாப் நெறிமுறையின் பழைய பதிப்பு, தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த மாற்றெழுத்தில் எழுதச் செய்தது. அம்மாற்றத்திலும் வழுக்கள் நேர்ந்ததுண்டு. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய பதிப்பு, பெட்டிப் பெயர்களை ஒருங்குறியிலேயே எழுத வழி செய்துள்ளது.

பெயரால் நேரும் தீமை இதனோடு முடியவில்லை. வழங்கி கூறும் பெட்டிப் பெயரை அவ்வாறே நம்பியதால் எம்பிசிங்க் மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தது. தீய வழங்கி ஒன்று, 'மேலுள்ள அடைவுக்குச் செல்' எனப் பொருள்படும் இரு புள்ளிகளைப் பெயருக்குள் வைத்து, அஞ்சற்பெட்டிக்கு வெளியே உள்ளவற்றையும் தொடக்கூடும். 2021ஆம் ஆண்டில் இக்குறை வெளிப்படையாக அறிவிக்கப்பெற்றுத் திருத்தப்பட்டது. மறைக்காது அறிவித்தமையால், பயன்படுத்துவோர் விரைந்து புதிய பதிப்பிற்கு மாறித் தம்மைக் காத்துக்கொள்ள இயன்றது.

வழு நீக்கும் முறை

வழுவை நீக்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நோய் நாடும் மருத்துவர், முதலில் நோயாளி கூறுவதைப் பொறுமையோடு கேட்பார். அதுபோல் நிரலரும், 'எந்தப் பதிப்பு, எந்த வழங்கி, என்ன செய்தீர், என்ன நிகழ்ந்தது, என்ன நிகழும் என எதிர்பார்த்தீர்' என்று கேட்பார். 'வேலை செய்யவில்லை' என்னும் முறையீட்டால் யார்க்கும் பயனில்லை. நடந்ததை நடந்தவாறு எழுதத் தெரிந்தவரே நிரலருக்குப் பெருந்துணை ஆவார். உரைநடை எழுதக் கற்கும் பயிற்சி இங்கும் உதவுகின்றது.

அடுத்தது, அவ்வழுவைத் தம் கணினியில் மீண்டும் நிகழச் செய்தல். பத்தாயிரம் கடிதங்களில் நிகழ்ந்த வழுவை மூன்றே கடிதங்களில் நிகழச் செய்ய முடியுமானால் காரணம் பாதி விளங்கியது போலத்தான். வழு எப்பொழுது புகுந்தது என அறிய, பதிப்புகளை இருகூறாக்கித் தேடுவர். 1,024 திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன என்க. நடுவிலுள்ள பதிப்பைச் சோதித்தால் வழு முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரியும், 512 எஞ்சும். பின் 256, பின் 128 எனக் குறைந்து, பத்தாம் சோதனையில் வழுவுக்குக் காரணமான ஒரே திருத்தம் கையிற் கிட்டும்.

காரணம் அறிந்தவுடன் திருத்திவிடுதல் கூடாது. அவ்வழுவைக் காட்டும் ஒரு சோதனையை முதலில் எழுதுவர். திருத்துமுன் அச்சோதனை தோற்கவேண்டும், திருத்தியபின் வெல்லவேண்டும். அதன்பின் பழைய சோதனைகள் அனைத்தையும் நடத்தி, ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்று கெடவில்லை என உறுதி செய்வர். ஒத்திசைவு மென்பொருளுக்கு மற்றுமொரு கடுஞ்சோதனை உண்டு. முதல் அடியில் வேலையை வேண்டுமென்றே முறிப்பர். மீண்டும் தொடங்கி, முடிவு சரிதானா எனப் பார்ப்பர். பின் இரண்டாம் அடியில் முறிப்பர். பின் மூன்றாம் அடியில் முறிப்பர். எவ்வடியில் முறிந்தாலும் ஒரு கடிதமும் குறையாமல் முடிவு ஒன்றே ஆயின், அந்நிரல் மலைப்பாதையிற் செல்லத் தகுதியுடையது.

முடிவு

ஆஃப்லைன்ஐமாப், எம்பிசிங்க் ஆகியவற்றின் நிரல் வரிகளை எவரும் படிக்கலாம், வழு கண்டால் எவரும் அறிவிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். அதற்குப் பெரிய நகரமோ பெரிய அலுவலகமோ வேண்டுவதில்லை. அடிக்கடி அறுந்துபோகும் தொடர்பையே என்றும் அறிந்திருக்கும் ஒருவர், தொடர்பு அறும்போது நேரும் வழுக்களை மற்றவரினும் முன்னதாகக் காணக்கூடும். கல்வராயன் மலையில் வாழும் மாணவன் ஒருவனோ மாணவி ஒருத்தியோ நாளை அதனைச் செய்யலாம்.

இப்பணியில் ஈடுபட்டோர்க்குப் புகழ் மிகுதியாகக் கிடைப்பதில்லை. கடிதம் ஒழுங்காக வந்து சேரும்போது, அதனைச் சேர்த்தவரை யாரும் நினைப்பதில்லை. அஞ்சற்பையைச் சுமந்து இருளில் ஓடியவர்களின் பெயர்களும் நமக்குத் தெரியா. ஆயினும், உரிய காலத்தில் உதவித்தொகைக் கடிதத்தைக் கண்டு ஒரு மாணவி கல்லூரியிற் சேர்வாளாயின், அவள் உயர்வில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கடிதம் என்பது பிறர் பொருள். அதனைக் காத்தல் நம் கடன். இதனை உணர்ந்து, ஒவ்வொரு வரியையும் எண்ணி எழுதுவாரே நல்ல நிரலர் ஆவர்.